487 மார்க்கும் பேசாத அப்பாவும்

கேள்வி: நாங்கள் சிவகாசிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். கணவர் ஆஃப்செட் அச்சகத்தில் மெஷின் ஆபரேட்டர். மகன் ஒன்பதாவது படிக்கிறான். மகள் மெட்ரிக் பள்ளியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்து இந்த வருஷம் பிளஸ் டூ எழுதினாள். 550க்கு மேல் வரும் என்று பள்ளியிலும் சொன்னார்கள், நாங்களும் நம்பியிருந்தோம். 487 தான் வந்தது. தமிழ் 92, ஆங்கிலம் 84, கணிதம் 71, இயற்பியல் 68, வேதியியல் 79, கம்ப்யூட்டர் சயின்ஸ் 93. ரிசல்ட் வந்த நாளிலிருந்து அவள் அப்பா அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அச்சகத்தில் எல்லோருக்கும் லட்டு வாங்கித் தருவதாகச் சொல்லி வைத்திருந்தார். கொழுந்தனார் மகன் 561 எடுத்திருக்கிறான். அதைச் சொல்வதற்கென்றே தினமும் யாராவது போன் செய்கிறார்கள். இவள் மாடியிலேயே போனும் கையுமாகக் கிடக்கிறாள். கூப்பிட்டால்தான் சாப்பிட இறங்குகிறாள். ஜனவரியில் பணம் இல்லாமல் ஃபிசிக்ஸ் டியூஷனை நிறுத்தினேன். அதனால்தானோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. நான் 2003இல் பிளஸ் டூவில் 804 எடுத்தேன், மேலே படிக்க வைக்கவில்லை. இவளாவது படிக்கட்டும் என்றுதான் கடன் வாங்கிப் படிக்க வைத்தோம். இன்னமும் காலை நாலரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுகிறேன். அவர் இன்ஜினீயரிங் தவிர வேறு பேச்சே கூடாது என்கிறார். இவள் பி.சி.ஏ. படிக்கிறேன் என்கிறாள். நான் எங்கே தவறினேன்? இனி என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இவ்வளவு நீளமாக எழுதிய உங்கள் கடிதத்தில் ஒரு செய்தி மட்டும் இல்லவே இல்லை. உங்கள் மகள் பாஸாகிவிட்டாள். ஆறு பாடத்திலும் தேறி, பள்ளிப் படிப்பை முடித்துவிட்டாள். நீங்கள் எழுத மறந்திருக்கலாம். ஆனால் வீட்டிலும் இதை யாரும் அவளிடம் சொல்லவில்லை என்றே எனக்குப் படுகிறது.

600க்கு 487 என்றால் 81 சதவீதம். நீங்கள் எழுதியபோது மொத்தம் 1200. அந்தக் கணக்கில் இவளுடையது 974. உங்கள் 804ஐ அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்று நான் சொன்னால், "அந்தக் காலம் வேறு, இப்போது எல்லோரும் 500க்கு மேல் வாங்குகிறார்கள்" என்பீர்கள். சரிதான், ஒப்பிட முடியாது. நான் கேட்க வருவது வேறு. அந்த 804க்கு உங்கள் வீட்டில் என்ன செய்தார்கள்? யாராவது ஒருவர் நன்றாகப் படித்தாய் என்று சொன்னார்களா, இல்லை மறு வாரமே ஜாதகத்தை எடுத்துவிட்டார்களா? இதை மகளிடம் உட்கார்ந்து சொல்லியிருக்கிறீர்களா? அறிவுரையாக வேண்டாம், நடந்த கதையாகச் சொல்லுங்கள். இந்த நேரத்தில் பிள்ளைகள் காது கொடுத்துக் கேட்கிற பேச்சு அது ஒன்றுதான்.

இனி அந்த நாலரை மணி விழிப்பு. அதை மார்க் வருத்தம் என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். பாதி அது இல்லை. எல்.கே.ஜி. தொடங்கி பதினான்கு வருஷம் அந்த நேரத்துக்கு எழுந்து டிபன் பாக்ஸ் கட்டி, சடை பின்னி, வேன் வருகிற முக்கு வரை கூடவே போய் நின்றவர் நீங்கள். இனி அந்த வேலை கிடையாது. 580 வாங்கிய பிள்ளையின் அம்மாவுக்கும் இந்த மாதம் இப்படித்தான் இருக்கும். அப்படிப்பட்ட அம்மாக்கள் என் முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள், இன்னும் பத்து மார்க் வந்திருக்கலாமே என்று. மார்க்கைப் பற்றிப் பேசுவது சுலபம், எல்லோருக்கும் புரியும். "என் பிள்ளை பள்ளிக்கூடம் போய் வந்த காலம் முடிந்துவிட்டது, எனக்கு என்னவோ போல இருக்கிறது" என்று அச்சகக்காரர் வீட்டு அம்மா யாரிடம் போய்ச் சொல்வது? அதனால் அந்த வருத்தமும் சேர்ந்து 68, 71 என்ற எண்களின் மேல் ஏறிக்கொள்கிறது. அதைச் சுமக்க வேண்டியவள் உங்கள் மகளாகிவிடுகிறாள். உங்களிடம் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதைத்தான். அழுகை வந்தால் அழுங்கள், தப்பில்லை. ஆனால் எதற்கு அழுகிறீர்கள் என்று மகளுக்குத் தெரியட்டும். "நீ ஸ்கூல் முடிச்சிட்டேன்னு நினைச்சா அழுகை வருது பாப்பா, மார்க்குக்காக இல்ல" என்று ஒரு தடவை சொல்லிவிடுங்கள்.

அப்புறம், எங்கே தவறினேன் என்ற கேள்வி. இதற்கு ஆறுதல் சொல்லி அனுப்பலாம். நான் மார்க் பட்டியலையே எடுத்துக்கொள்கிறேன். இயற்பியலில் 100 மார்க் மூன்றாகப் பிரிந்திருக்கும்: எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. செய்முறையிலும் அகமதிப்பீட்டிலும் உங்கள் மகளுக்கு முழுசாக 30 வந்திருக்கும், பெரும்பாலான பள்ளிகளில் வந்துவிடும். அப்படியென்றால் எழுத்தில் அவள் வாங்கியது 70க்கு 38. கம்ப்யூட்டர் சயின்ஸிலும் இதே பிரிவுதான். அதில் எழுத்து 63. கணிதத்தில் செய்முறை கிடையாது, எழுத்து 90, அகமதிப்பீடு 10. ஆகவே அங்கே 90க்கு 61. இயற்பியலும் கணிதமும் சேர்ந்து இறங்கியிருக்கின்றன, வேதியியல் ஓரளவு தாக்குப் பிடித்திருக்கிறது, கம்ப்யூட்டர் சயின்ஸ் ஜம்மென்று நிற்கிறது. போனைப் பார்த்துச் சோம்பேறியாகிப் போன பெண்ணின் மார்க் பட்டியல் இப்படி வராது. அப்படியென்றால் எல்லாமே சரிந்திருக்கும். இது கணக்குப் போட்டு எழுத வேண்டிய இடத்தில் தடுமாறிய பட்டியல். பிளஸ் டூ இயற்பியல் தாளில் ஐந்து மார்க் கேள்வி ஐந்து வரும். நிலைமின்னியல், மாறுதிசை மின்னோட்டம் என்று முக்கால்வாசி தருவிப்புதான். அவற்றில் இரண்டை விட்டாலே பத்துப் போய்விடும்.

டியூஷன் விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரியில் பள்ளிகளில் பாடம் முடிந்து திருப்புதல் தேர்வு ஓடிக்கொண்டிருக்கும், பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு. அந்த ஒரு மாத டியூஷன் 32 மார்க்கைத் தூக்கி நிறுத்தியிருக்கும் என்று நான் நம்பவில்லை. உறுதியாகத் தெரிய வேண்டுமானால் ஒரு வழி இருக்கிறது. அரையாண்டிலும் திருப்புதல் தேர்வுகளிலும் அவள் இயற்பியலில் என்ன வாங்கினாள் என்று ரேங்க் கார்டை எடுத்துப் பாருங்கள். அங்கேயும் 65, 70 என்றே இருந்தால், 550 என்பது நீங்களும் பள்ளியும் சேர்ந்து கண்ட ஆசைதான். அந்தக் கணக்கில் இவள் எதையும் கெடுக்கவில்லை, நீங்களும் கெடுக்கவில்லை.

அங்கே 85, 90 இருந்து இங்கே மட்டும் 68 என்றால் விஷயம் வேறு. உடனே பள்ளி மூலமாக இயற்பியல் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள். தேதி சில நாள்தான் தருவார்கள், அழுதுகொண்டிருந்தால் போய்விடும். நகல் வாங்கியவர்கள்தான் அதற்கப்புறம் மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்க முடியும். நகலை வாங்கியதும் நீங்களே உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டாம். பாட ஆசிரியரிடம் காட்டி, திருத்தாமல் விட்ட விடை இருக்கிறதா, கூட்டல் சரியா என்று கேளுங்கள். அவர் போடலாம் என்றால் மட்டும் போடுங்கள். மறுமதிப்பீட்டில் மார்க் குறையவும் இடமுண்டு. ஊரில் எல்லோரும் போடுகிறார்கள் என்று நாமும் பணம் கட்டக் கூடாது.

உங்கள் கணவருக்கு வருவோம். கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்தது அவருடைய மௌனம்தான், மார்க் கிடையாது. ஆனால் அவரை வில்லனாக்கவும் எனக்கு மனம் வரவில்லை. ஆடிப் பதினெட்டு கழிந்து காலண்டர் சீசன் தொடங்கினால் டிசம்பர் வரை சிவகாசி அச்சகங்களில் ராப்பகல் தெரியாது. அந்த ஓவர்டைம் பணம்தான் உங்கள் மகளின் பள்ளிக் கட்டணமாகப் போயிருக்கும். அதுவும் நீங்கள் இருப்பது விருதுநகர் மாவட்டம். பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் வருஷக் கணக்காக மாநிலத்துக்கே முதலில் நின்ற ஊர் என்ற பெருமை அங்கே டீக்கடை வரை உண்டு. ஊருக்கு அது நல்லதுதான், 487 எடுத்த பிள்ளையின் அப்பாவுக்குத்தான் கஷ்டம். கூட வேலை செய்கிறவர்கள் மெஷின் பக்கத்தில் வந்து "அண்ணாச்சி, பாப்பா மார்க் என்னாச்சு" என்று கேட்டிருப்பார்கள். அவர் கோபத்தில் இருப்பது போலத் தெரிகிறது, ஆனால் வெட்கத்தில் இருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன்.

அதற்காக அப்படியே விட்டுவிட முடியாது. பேசாத அப்பாவைப் பிள்ளை எப்படிப் புரிந்துகொள்ளும் தெரியுமா? "அப்பா வருத்தமாக இருக்கிறார்" என்று எடுத்துக்கொள்ளாது, "இந்த வீட்டுக்கு நான் வேண்டாதவள்" என்று எடுத்துக்கொள்ளும். திட்டினால்கூட நாலு நாளில் ஆறிப்போகும். இது ஆறாது. அவர் சாப்பிட்டு முடித்து உட்காரும் நேரம் பார்த்து, பிள்ளைகள் இல்லாதபோது பேசுங்கள். "ஏன் பேச மாட்டேங்கிறீங்க" என்று ஆரம்பித்தால் சண்டையில் முடியும். "அச்சகத்துல என்ன கேட்டாங்க, என்ன சொன்னீங்க" என்று கேளுங்கள். அவர் மனசில் இருப்பது முதலில் வெளியே வரட்டும். கொட்டித் தீர்த்த பிறகு ஒன்றே ஒன்று கேளுங்கள்: நாளைக் காலை வேலைக்குக் கிளம்பும்போது பாப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "சாப்பிட்டியா" என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள். மார்க் பேச்சு வேண்டாம், சமாதானமும் வேண்டாம். நம் ஊர் அப்பாக்களுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரிந்த ஒரே வழி அதுதான், பிள்ளைகளுக்கும் அது புரியும்.

இன்னொன்று, அந்த லட்டு. வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். 550க்கு என்றுதானே சொன்னேன் என்பார். உங்கள் வீட்டில் பிளஸ் டூவைத் தாண்டிக் கல்லூரி வாசலை மிதிக்கப் போகிற முதல் ஆள் அவள். லட்டுக்கு அந்தக் காரணம் போதும். யாராவது மார்க் கேட்டால் 487 என்று தலை நிமிர்ந்து சொல்லட்டும். அவர் தயங்கினால்தான் கேட்பவர்களுக்கும் இன்னும் தோண்டத் தோன்றும்.

சொந்தக்காரர்கள் போன் விஷயம் சின்னது. முதல் மூன்று இடம் யாருக்கு என்று அறிவிக்கும் பழக்கத்தைத் தமிழக அரசே 2017இல் நிறுத்திவிட்டது. நம் வீட்டுச் சித்தப்பாக்கள்தான் இன்னும் நிறுத்தவில்லை. "தம்பி 561ஆ, ரொம்ப சந்தோஷம், இவ 487, காலேஜுக்கு அப்ளிகேஷன் போட்டுக்கிட்டு இருக்கோம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் பேச்சு நீண்டுகொண்டே போகும். மகள் காதில் விழுகிற மாதிரி "என்ன செய்றது, நம்ம தலையெழுத்து" என்று மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள்.

இப்போது அவள் மாடியில் கிடப்பது பற்றி. தேர்வு முடிவு வந்த சில நாள் பிள்ளைகள் ஒதுங்கி இருப்பது இயல்புதான். கூப்பிட்டால் வருகிறாள், சாப்பிடுகிறாள், பி.சி.ஏ. படிக்கிறேன் என்று வருங்காலத்தைப் பற்றிப் பேசுகிறாள். இவை நல்ல அறிகுறிகள். ஆனால் ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருக்கிறாளா, பிடித்த தோழியின் போனைக்கூட எடுக்காமல் விடுகிறாளா, தன் பொருளை எல்லாம் தம்பிக்கோ மற்றவருக்கோ எடுத்துக் கொடுக்கிறாளா, "நான் இல்லாட்டி உங்களுக்குச் செலவாவது மிச்சம்" என்கிற மாதிரிப் பேச்சு வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அதட்டி அடக்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, "செத்துப்போகலாம்னு தோணுதா பாப்பா" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. உள்ளே இருந்தால் வெளியே வர வழி கிடைக்கும். ஆமாம் என்று சொன்னால் அவளைத் தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்து, மாத்திரை மாதிரி ஆபத்தான எதையும் கைக்கு எட்டாமல் எடுத்து வைத்துவிட்டு, அரசின் 104 எண்ணுக்கோ, டெலிமனஸ் என்ற மனநல உதவி எண் 14416க்கோ அழையுங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். மாவட்ட அரசு மருத்துவமனையிலும் மனநல மருத்துவர் உண்டு. அங்கே போனால் நாலு பேர் பார்ப்பார்களே என்று யோசிக்கிற நேரம் அது இல்லை.

இனி படிப்பு. இன்ஜினீயரிங் கட்ஆஃப் 200க்குக் கணக்கிடுவார்கள். கணிதம் அப்படியே, இயற்பியலிலும் வேதியியலிலும் பாதிப் பாதி. 71, 34, 39.5 என்று கூட்டினால் உங்கள் மகளுக்கு 144.5. கிண்டியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்பது உங்கள் கணவரின் கனவாக இருந்திருந்தால், அதற்கு இருநூறை ஒட்டி வேண்டும், அது இல்லை. ஆனால் கலந்தாய்வில் 144.5க்கு இன்ஜினீயரிங் இடமே கிடைக்காது என்பதும் இல்லை, கிடைக்கும். எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்பதுதான் கேள்வி. பி.சி.ஏ. மூன்று வருஷம், வேண்டுமானால் மேலே எம்.சி.ஏ. இரண்டு வருஷம். கம்ப்யூட்டர் சயின்ஸில் 93 வாங்கியவள் அதைக் கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. கணிதமும் இயற்பியலும் இழுத்துவிட்ட பெண், முதல் வருஷமே அதே கணிதத்தையும் இயற்பியலையும் வைக்கிற இன்ஜினீயரிங்குக்குப் போக யோசிக்கிறாள் என்றால், பயம் என்று அதை ஒதுக்க நான் அவசரப்பட மாட்டேன். அவளிடமே கேளுங்கள்: "பி.சி.ஏ. பிடிச்சிருக்கா, இல்ல இன்ஜினீயரிங் வேண்டாம்னு ஓடுறியா?" இரண்டுக்கும் வேறு வேறு பதில் உண்டு. முதலாவது என்றால் விடுங்கள். இரண்டாவது என்றால் இன்னும் பேச வேண்டியிருக்கிறது.

இன்றைக்கே முடிவெடுக்கத் தேவையில்லை. இரண்டுக்கும் விண்ணப்பம் போடுங்கள். இன்ஜினீயரிங் கலந்தாய்வு ஜூலையில்தான் சூடுபிடிக்கும், கலைக் கல்லூரிகளில் அதற்கு முன்பே இடம் நிரம்பிவிடும். ஒன்றுக்குக் காத்திருந்து மற்றதை விட்டவர்கள் நிறையப் பேர். உங்கள் பக்கம் அரசு உதவி பெறும் கல்லூரிகள் நல்லவை இருக்கின்றன. ஆனால் அங்கேயும் பி.சி.ஏ. பெரும்பாலும் சுயநிதிப் பிரிவில் இருக்கும், கட்டணத்தை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக நில்லுங்கள். "எங்கள் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் ஐ.டி. தருகிறோம், இன்றைக்கே அட்வான்ஸ் கட்டுங்கள்" என்று வருகிற போன்களுக்குப் பணம் கட்டாதீர்கள். கடன் வாங்கிப் படிக்க வைத்த வீட்டில் இன்னொரு கடனை அவசரத்தில் ஏற்றக் கூடாது. கல்லூரியை நேரில் போய்ப் பாருங்கள், அங்கே படிக்கிற பிள்ளைகளிடம் பேசுங்கள், தேர்ச்சி எப்படி என்று விசாரியுங்கள்.

அரசுப் பள்ளியிலேயே விட்டிருந்தால் 7.5 சதவீத ஒதுக்கீடு கிடைத்திருக்குமே என்று உங்கள் கணவர் என்றாவது சொல்லிக்காட்டலாம். அதற்கு ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஆறாவதில் சேர்த்தபோது அந்த ஒதுக்கீடு யார் கணக்கில் இருந்தது? அதில் இறங்காதீர்கள்.

உங்களுக்கு வேறொரு சலுகை உண்டு. குடும்பத்தில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்பதால் அவளுக்கு முதல் பட்டதாரி சான்று கிடைக்கும். ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாக இன்ஜினீயரிங் சேர்ந்தால் அதில் கல்விக் கட்டணச் சலுகை உண்டு, மேனேஜ்மென்ட் கோட்டாவில் கிடையாது. கலைக் கல்லூரிக்கே போவதாக முடிவானாலும் சான்றை வாங்கி வையுங்கள், நஷ்டம் ஒன்றுமில்லை. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். குடும்ப அட்டை, வீட்டில் யார் எதுவரை படித்தார்கள் என்ற விவரம், மகளின் மாற்றுச் சான்றிதழ் எல்லாம் கேட்பார்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று இல்லையென்றால் அவற்றையும் கையோடு போட்டுவிடலாம்.

இந்த வேலையை நீங்கள் இழுத்துப் போட்டுச் செய்யாதீர்கள். "எனக்கு இதெல்லாம் புரியல, நீங்களே பாப்பாவைக் கூட்டிக்கிட்டுப் போய்ட்டு வாங்க" என்று கணவரிடம் விட்டுவிடுங்கள். ஒரு தடவையில் முடியாது, சர்வர் வேலை செய்யாது, கையெழுத்துக்கு நாளைக்கு வா என்பார்கள். இரண்டு மூன்று முறை அவர் பைக்கில் அவள் பின்னால் உட்கார்ந்து போய் வர வேண்டியிருக்கும். ஒன்பதாவது படிக்கிற பையனும் வருகிறேன் என்பான் என்றால், அவனை நீங்கள் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.